சூசி கணக்கு ஒத்துவரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

ஒரு லூப் கணக்கு (இடைத்துகள்கள் வளையமாகச் சுற்றும் ஃபைன்மன் படங்களின் கணக்கு) முடிந்துவிட்டது. முடிவிலிகள் எல்லாம் கழிந்துவிட்டன. குவார்க், ஸ்குவார்க், குளூயினோ மூன்றும் சந்திக்கும் முனையின் வலிமை, குவார்க்கோடு குளுவான் சேரும் வலிமைக்குச் சமமாக வர வேண்டும். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி உண்டு (குவார்க்குக்கு ஸ்குவார்க், குளுவானுக்குக் குளூயினோ) என்னும் மீச்சமச்சீர்மை கேட்பது அதைத்தான். (இனி சூசி என்றே எழுதுகிறேன், துறையில் அப்படித்தான் பேசுகிறோம்.) உங்கள் தாளில் இரண்டும் சமமாக இல்லை. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் என்ன செய்தாலும் போகமாட்டேன் என்கிறது.

எனக்கு முதல் தடவை இப்படி ஆனபோது மூன்று வாரம் குறித் தவறு தேடினேன். குறியில் தவறே இல்லை. முடிவிலியை அடக்க நான் எடுத்த கருவிதான் சூசியைக் கெடுத்திருந்தது. அப்போது யாராவது இப்படி ஒரு பட்டியல் கொடுத்திருந்தால் அந்த மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

எதற்கும் முன்பு ஓர் எண்ணிக்கை

லூப் தொகையீட்டை அடக்கும் வழக்கமான முறையை 1972-இல் டி ஹூஃப்ட்டும் வெல்ட்மனும் கொடுத்தார்கள். அதே காலத்தில் அர்ஜென்டினாவில் பொலினியும் ஜியாம்பியாகியும் கொடுத்தார்கள். பரிமாணம் டி-யை 4-இலிருந்து 4 − 2 எப்சிலான் என்று சற்று நகர்த்தினால் முடிவிலி 1/எப்சிலான் என்ற துருவமாகப் பிடிபடும். விசைகளை நிர்ணயிக்கும் கேஜ் சமச்சீர்மைக்கு ஒன்றும் ஆகாது, அதனால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுக்கிறோம். இதைச் சுருக்கமாக டிரெக் என்பார்கள்.

ஆனால் சூசிக்கு ஆகிறது. நிறையற்ற குளுவானுக்கு டி − 2 அதிர்வு நிலைகள், அதாவது 2 − 2 எப்சிலான். அதன் ஜோடியான குளூயினோவுக்கு அப்போதும் 2. போசான் பக்கம் 2 எப்சிலான் குறைகிறது. கடைசியில் எப்சிலானைப் பூச்சியமாக்கும்போது இதுவும் போய்விடுமே என்று தோன்றும். போகாது. லூப்பில் 1/எப்சிலான் காத்துக்கொண்டிருக்கிறது, இரண்டையும் பெருக்கினால் முழுசாக 2 நிற்கும்.

குவார்க் நிறையில் இதை நேராகப் பார்க்கலாம். குளுவானை உமிழ்ந்து திரும்ப விழுங்கும் படத்தில் இரண்டு உறுப்புகள் வரும். நிறை உறுப்பை டி பெருக்குகிறது, உந்த உறுப்பை டி − 2 பெருக்குகிறது. டி-க்குப் பதில் 4 போட்டால் நிறை உறுப்பில் 2 எப்சிலான் பெருக்கல் 1/எப்சிலான், ஆக 2 கூடும். உந்த உறுப்பின் துருவம் −1/(2 எப்சிலான்), எனவே அங்கே 1 குறையும். நிகரமாக 1 கூடுகிறது. அதனால்தான் துருவ நிறைக்கும் (துகளின் பரவலில் தெரியும் நிறை) ஓடும் நிறைக்கும் (அளவுகோலோடு மாறும் நிறை) உள்ள திருத்தம், வலுவிசையின் வலிமையான ஆல்ஃபா-எஸ்ஸில், டிரெக்கில் 4 ஆல்ஃபா-எஸ்/(3 பை) என்றும், இன்னொரு முறையில் 5 ஆல்ஃபா-எஸ்/(3 பை) என்றும் பாடநூல்களில் இருக்கிறது. இரண்டும் சரிதான்.

அந்த இன்னொன்று 1979-இல் வாரன் சீகல் கொடுத்த பரிமாணக் குறைப்பு, சுருக்கமாக டிரெட். உந்தங்கள் டி பரிமாணத்தில் ஓடும், ஆனால் குளுவானின் கூறுகள் நான்காகவே இருக்கும். டி-க்கு மேல் மிஞ்சும் 2 எப்சிலான் கூறுகளுக்கு எப்சிலான்-ஸ்கேலார் என்று பெயர். எண்ணிக்கை மறுபடி 2-க்கு 2. டிரெக்கில் துருவத்தையும் அதோடு எப்போதும் ஒட்டி வரும் மாறா எண்களையும் மட்டும் கழித்தால் எம்எஸ்-பார் திட்டம், டிரெட்டில் அதையே செய்தால் டிஆர்-பார் திட்டம்.

அறிகுறி: துருவம் போய்விட்டது, ஒரு மாறா எண் மட்டும் மிஞ்சுகிறது

முதலில் மிஞ்சியது எந்த வகை என்று பாருங்கள். ஸ்குவார்க் நிறையை இரட்டிப்பாக்குங்கள், வெளி உந்தத்தை மாற்றுங்கள். மிச்சம் அசையாமல் இருந்தால் அது கருவியின் வேலை. அசைந்தால், அதுவும் மடக்கையாக அசைந்தால், ஒரு படத்தை விட்டுவிட்டீர்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும். நான் அதைச் செய்யாததால்தான் மூன்று வாரம் ஓடியது.

குளூயினோ முனையில் எம்எஸ்-பார் கணக்கில் மிஞ்ச வேண்டியது ஆல்ஃபா-எஸ்/(3 பை). அதாவது குளூயினோ பிணைப்பு = கேஜ் பிணைப்பு × (1 + ஆல்ஃபா-எஸ்/(3 பை)). உங்கள் தாளில் 1/3 என்ற அந்த எண் வந்திருந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம், கணக்கு சரி. ஆல்ஃபா-எஸ் 0.118 என்றால் இது 1.25 சதவீதம். சின்னது என்று விட்டுவிட முடியாது. குளூயினோவைப் பரிமாறி இரண்டு ஸ்குவார்க் உருவாகும் வினையில் இந்தப் பிணைப்பு நான்காம் அடுக்கில் வரும், குறுக்குவெட்டு 5 சதவீதம் நகரும். எல்எச்சி என்ற புரோட்டான் மோதல் கருவிக்காக ஸ்குவார்க், குளூயினோ உற்பத்தியை முதன்முதலில் அடுத்த வரிசை வரை கணக்கிட்ட பீனாக்கர், ஹோப்கர், ஸ்பிரா, ட்செர்வாஸ் நால்வரும் 1996-இல் இந்தத் திருத்தத்தைக் கையால் போட்டுத்தான் சூசியை மீட்டார்கள்.

தீர்வு இரண்டு. டிரெக்கிலேயே இருந்துகொண்டு இந்த மிச்சத்தை ஈடுகட்டும் முடிவுள்ள எதிர் உறுப்பைச் சேர்க்கலாம். அல்லது டிரெட்டுக்கு மாறலாம். ஃபார்ம்கால்க் என்ற லூப் கணக்கு நிரலைப் பயன்படுத்துபவர்களுக்கு இது ஒரே ஒரு அமைப்பு: பரிமாணம் டி என்றால் டிரெக், 4 என்றால் ஒரு லூப் வரை டிரெட்டுக்குச் சமம். பார்ட்டான் பரவல்கள் (புரோட்டானின் உந்தத்தைக் குவார்க்கும் குளுவானும் எப்படிப் பகிர்கின்றன என்ற எண்கள்) எம்எஸ்-பாரில்தான் கிடைக்கின்றன என்பதால் மோதல் கணக்குக்கு நான் முதல் வழியையே எடுப்பேன். நிறைக் கணக்குக்கு இரண்டாவது வழி.

அறிகுறி: இரண்டு நிரல்கள், ஒரே உள்ளீடு, ஒன்றிரண்டு சதவீதம் வித்தியாசம்

பெரும்பாலும் ஒருவர் எம்எஸ்-பார், மற்றவர் டிஆர்-பார். மார்ட்டினும் வானும் 1993-இல் மாற்று விதிகளை ஒரே இடத்தில் தொகுத்தார்கள். அடிக்கடி வேண்டியது இது:

1/ஆல்ஃபா (டிஆர்-பார்) = 1/ஆல்ஃபா (எம்எஸ்-பார்) − சி/(12 பை)

சி என்பது விசையின் கேஜ் குழுவைப் பொறுத்த எண்: வலுவிசையின் எஸ்யூ(3)-க்கு சி = 3, எஸ்யூ(2)-க்கு 2, யூ(1)-க்குப் பூச்சியம். போட்டுப் பார்ப்போம். 1/0.118 என்பது 8.475. அதில் 0.080 கழித்தால் 8.395. தலைகீழாக்கினால் 0.1191. மூன்றாவது தசமத்தில்தான் மாற்றம், ஆனால் இந்த எண்ணை எடுத்துக்கொண்டு மூன்று விசைகளின் பிணைப்புகளும் பேரொருமை அளவில் (அவை ஒன்றாகும் என்று எதிர்பார்க்கும் மிக உயர்ந்த ஆற்றலில்) சேர்கின்றனவா என்று பார்க்கப் போகிறவருக்கு அந்த மூன்றாவது தசமமும் வேண்டும். யூ(1) பிணைப்பும் உங்கள் நிரலில் நகர்ந்திருந்தால் அது பிழை, அங்கே நகர எதுவுமில்லை.

குளூயினோ நிறையில் அடி இன்னும் பலம். எம்எஸ்-பார் நிறை, டிஆர்-பார் நிறையைவிட 3 ஆல்ஃபா-எஸ்/(4 பை) பங்கு அதிகம். ஆல்ஃபா-எஸ் 0.09 என்று வைத்தால் 2.1 சதவீதம். 1000 ஜெவ் (துகள் நிறையின் அலகு; ஆயிரம் ஜெவ் ஒரு டெவ்) குளூயினோ ஒரு நிரலில் 1021 ஆகிவிடும். திசையை மாற்றிப் போட்டால் 42 ஜெவ் இடைவெளி வரும். அதனால் 20 பார்த்தால் ஒருவர் மாற்றவில்லை, 40 பார்த்தால் ஒருவர் தலைகீழாக மாற்றியிருக்கிறார் என்று நான் முதலில் சந்தேகிப்பேன்.

நிரல்கள் சூசி எண்களைப் பரிமாறிக்கொள்ளும் லெ ஹூஷ் ஒப்பந்தக் கோப்பு வடிவம் 2003-இல் வந்த பிறகு இந்தத் தலைவலி பாதி குறைந்தது. ஆனால் அந்தக் கோப்பிலேயே ஒரு பொறி உண்டு. மேலே தரநிலை மாதிரி உள்ளீட்டுப் பகுதியில் வரும் ஆல்ஃபா-எஸ், பாட்டம் நிறை இரண்டும் எம்எஸ்-பார். டாப் நிறை துருவ நிறை. கீழே வரும் கேஜ் பிணைப்புகள், யுகாவா எண்கள், மென்முறிவு நிறைகள் டிஆர்-பார், அதுவும் பகுதித் தலைப்பில் எழுதியிருக்கும் அளவுகோலில். மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று எடுத்து ஒரே சமன்பாட்டில் போட்ட மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே உள்ள 0.118, கீழே உள்ள மூன்றாவது கேஜ் பிணைப்பு இரண்டையும் வெறும் டிஆர்-பார் மாற்றத்தால் இணைக்கவும் முடியாது. நடுவில் டாப், ஸ்குவார்க், குளூயினோ ஆகியவற்றின் வாசல் திருத்தம் (கனத் துகளைக் கணக்கில் சேர்க்கும்போது வரும் மாற்றம்) இருக்கிறது, அளவுகோலின் ஓட்டமும் இருக்கிறது.

அறிகுறி: காமா-5 உள்ள சுவடு பூச்சியமாகிறது, அல்லது எங்கிருந்து படிக்கத் தொடங்கினீர்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது

காமாக்கள் என்பவை குவார்க் போன்ற துகள்களின் சமன்பாட்டில் வரும் அணிகள், காமா-5 வலக்கையையும் இடக்கையையும் பிரிப்பது, சுவடு என்பது அணியின் மூலைவிட்டக் கூட்டல். டி பரிமாணத்தில் காமா-5 எல்லாக் காமாக்களோடும் எதிர்மாறும் (இடம் மாற்றினால் குறி மாறும்) என்று வைத்துக்கொண்டு, நான்கு காமாக்களும் ஒரு காமா-5-உம் உள்ள சுவட்டைச் சுற்றி வந்தால், (டி − 4) பெருக்கல் அந்தச் சுவடு = 0 என்று முடியும். டி 4 இல்லையென்றால் சுவடே பூச்சியம். பிறகு 4-க்குப் போனால் மட்டும் அது எப்படி உயிர் பெறும்? பெறாது. டி ஹூஃப்ட்–வெல்ட்மன் தீர்வை ப்ரைட்டன்லோனரும் மைசனும் 1977-இல் முறைப்படுத்தினார்கள்: நான்கு திசைகளில் எதிர்மாறும், மீதியில் மாறிக்கொள்ளும். வலிக்கும், ஆனால் முரண்படாது. விலையாக வலக்கை–இடக்கை கேஜ் சமச்சீர்மையை முடிவுள்ள எதிர் உறுப்புகளால் மீட்க வேண்டும்.

டிரெட்டில் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தான் கொடுத்த முறை முரண்படுகிறது என்று அடுத்த ஆண்டே, 1980-இல், சீகலே காட்டினார். லெவி-சிவிட்டா குறியீட்டின் (திசைகளின் வரிசையை மாற்றினால் குறி மாறுவது) பெருக்கங்களை இரண்டு வழிகளில் சுருக்கினால் இரண்டு விடை வரும். சொந்தக் கண்டுபிடிப்பின் ஓட்டையைத் தானே வெளியிடும் இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும். 2005-இல் டொமினிக் ஸ்டோக்கிங்கர் வழி காட்டினார்: அந்த ‘நான்கு பரிமாணத்தை’ உண்மையான நான்காக நினைக்காமல், நான்கு மாதிரி நடந்துகொள்ளும் முடிவிலாப் பரிமாண வெளியாக எடுத்தால் முரண் இல்லை. ஆனால் அங்கே ஃபியர்ட்ஸ் மாற்றம் (நான்கு துகள் பெருக்கத்தில் ஜோடிகளை மாற்றி எழுதுவது) செல்லாது. குறியீட்டுக்கு 0, 1, 2, 3 என்று மதிப்புக் கொடுத்து விரித்து எழுதுவதும் செல்லாது. நிரலில் எங்காவது வசதிக்காக ஃபியர்ட்ஸ் செய்திருந்தால் அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கூடவே ஒரு சின்னச் சோதனை: 4-பரிமாண மெட்ரிக்கை டி-பரிமாண மெட்ரிக்கோடு சுருக்கினால் டி-பரிமாண மெட்ரிக்தான் வர வேண்டும், சுவடு டி. உங்கள் நிரல் 4 என்று சொன்னால் குறியீட்டு அறிவிப்பை மாற்றி எழுதியிருக்கிறீர்கள்.

அறிகுறி: டிரெட்டில்தான் இருக்கிறேன், ஆனாலும் குளுவானின் இசட்டும் குளூயினோவின் இசட்டும் வேறு

இது பிழையே இல்லை. போலி எச்சரிக்கை. கூறுகளாக எழுதும்போது நாம் எல்லோரும் வெஸ்–ஜூமினோ கேஜில் (மிகைப் புலங்களை நீக்கிய தேர்வில்) இருக்கிறோம், அங்கே கேஜை நிலைநிறுத்தும் உறுப்பே சூசியை மதிக்காது. எனவே புலங்களின் மறுஇயல்பாக்க எண்களான இசட்கள் கேஜைப் பொறுத்து மாறும், ஜோடிக்கு ஜோடி வேறுபடும். குவார்க், ஸ்குவார்க்குக்கும் இதே கதை. இசட்களை ஒப்பிடாதீர்கள். பிணைப்புகளை ஒப்பிடுங்கள், அல்லது சமச்சீர்மை கேட்கும் ஸ்லாவ்னோவ்–டெய்லர் சமன்பாட்டைச் சரிபாருங்கள்.

அறிகுறி: ஹிக்ஸ் நிறையில் கட்-ஆஃப் வர்க்கம் கழியவில்லை

டாப் குவார்க்கின் லூப்பும் அதன் ஜோடியான ஸ்டாப்பின் லூப்பும் ஒன்றையொன்று கழிக்க வேண்டும், கட்-ஆஃப் (உந்தத்துக்கு ஒரு மேல் எல்லை) வைத்தால் ஏதோ மிஞ்சுகிறது. இரண்டு லூப்பிலும் உந்தத்தை ஒரே மாதிரி ஓட்டினீர்களா? வர்க்கமாக விரியும் தொகையீட்டில் உந்தத்தை நகர்த்தினால் விளிம்பிலிருந்து ஓர் உறுப்பு ஒட்டிக்கொண்டு வரும். கட்-ஆஃபை விட்டுவிடுங்கள், அது கேஜ் சமச்சீர்மையையும் சேர்த்துக் கெடுக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ‘பரிமாண முறையில் வர்க்க முடிவிலியே வரவில்லை, அப்படியானால் ஹிக்ஸ் நிறை ஏன் இவ்வளவு சிறியது என்ற படிநிலைச் சிக்கலே கற்பனைதானே?’ ஒரு லூப்பில் அந்த முடிவிலி டி = 2-இல் துருவமாக உட்கார்ந்திருக்கிறது, 4-இன் அருகில் பார்ப்பவர் கண்ணில் படாது. ஸ்டாப் நிறையின் வர்க்கத்தோடு பெருகும் மடக்கை எந்த முறையிலும் அப்படியே நிற்கும். ஒரு டெவ் ஸ்டாப்பும் பேரொருமை அளவிலிருந்து ஓடும் மடக்கையும் சேர்ந்தால், ஹிக்ஸின் 125 ஜெவ் வர்க்கத்துக்குப் பக்கத்தில் டெவ் வர்க்க அளவில் ஓர் எண் வந்து நிற்கிறது. சிக்கல் அங்கே இருக்கிறது.

எப்சிலான்-ஸ்கேலார் தரும் தொல்லைகள்

ஸ்கேலார் நிறைகளின் ஓட்டத்தில் அறியாத ஒரு நிறை தலைகாட்டினால், அது எப்சிலான்-ஸ்கேலாரின் நிறை. தொடக்கத்தில் பூச்சியம் போட்டாலும் ஓட்டத்தில் முளைக்கும். 1994-இல் ஜாக், ஜோன்ஸ், மார்ட்டின், வான், யமடா ஐவரும் ஸ்கேலார் நிறைகளை மறுவரையறை செய்து அதை விழுங்கவைத்தார்கள். அந்தத் திட்டத்துக்கு டிஆர்-பார்-பிரைம் என்று பெயர். இப்போதைய நிரல்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன.

கன சூசித் துகள்களை விலக்கிவிட்டு குவார்க், குளுவான் மட்டும் உள்ள வெறும் கியூசிடியில் டிரெட் தொடர்ந்தால் இன்னொன்று நடக்கும். எப்சிலான்-ஸ்கேலார் குவார்க்கோடு சேரும் பிணைப்பைக் காக்க அங்கே சூசி இல்லை. அது ஆல்ஃபா-எஸ்ஸை விட்டுத் தனியாக ஓடும். இரண்டையும் ஒன்றே என்று வைத்தால் உயர் லூப்பில் விடை தவறும், சில சமயம் துருவமே மிஞ்சும். ஹார்லாண்டர், கான்ட், மிஹைலா, ஸ்டைன்ஹவுசர் 2006-இல் இதைத் தனிப் பிணைப்பாக வைத்து ஓட்டிக் காட்டினார்கள்.

மோதல் கணக்கில், இரண்டு துகள் ஒரே திசையில் ஒட்டிப் பறக்கும் எல்லையில் காரணிகளாகப் பிரியவில்லை என்றாலும் இந்த ஆள்தான் காரணம். டாப் ஜோடி உற்பத்தியில் 1989-இலேயே இது கண்ணில் பட்டது, டிரெட் மேல் சந்தேகமும் வந்தது. சிக்னரும் ஸ்டோக்கிங்கரும் 2005-இல் விளக்கினார்கள்: வெளியிலிருந்து வரும் நான்கு கூறு குளுவானை டி-பரிமாணக் குளுவான், எப்சிலான்-ஸ்கேலார் என்று இரண்டு தனித்தனிப் பார்ட்டான்களாக எண்ணினால் காரணிகள் ஒழுங்காகப் பிரியும்.

அறிகுறி: மூன்றாம் லூப்பில் 12 எதிர்பார்த்தேன், 21 வந்தது

பொருள் துகள் ஏதும் இல்லாத சூசி கேஜ் கோட்பாட்டின் பீட்டா சார்புக்கு (பிணைப்பு அளவுகோலோடு எப்படி ஓடும் என்று சொல்வது) 1983-இல் நோவிகோவ், ஷிஃப்மன், வைன்ஷ்டைன், ஸகாரோவ் ஒரு மூடிய வாய்பாடு கொடுத்தார்கள். அதை விரித்தால் கெழுக்கள் 3, 6, 12 என்று இரட்டிக்கும். டிரெட்டில் கணக்கிட்டால் 3, 6, 21. நீங்கள் எதையும் உடைக்கவில்லை. முதல் இரண்டு கெழுக்கள் திட்டத்தைச் சாராதவை, மூன்றாவது சார்ந்தது. பிணைப்பை மறுவரையறை செய்தால் 21 போய் 12 வரும், ஜாக், ஜோன்ஸ், நார்த் 1996-இல் அந்த மறுவரையறையைக் கொடுத்தார்கள். மாறாக முதல் இரண்டில் ஒன்று தப்பினால் பிழை உங்களுடையதுதான்.

நிரலைச் சோதிக்க எனக்குப் பிடித்த இடம் நான்கு மடங்கு சூசி உள்ள என் = 4 கோட்பாடு. அங்கே பீட்டா பூச்சியமாக வேண்டும், மூன்று லூப் வரை 1980 வாக்கிலேயே பார்த்துவிட்டார்கள். குளுவானுக்கு நான்கு, ஸ்கேலார் ஆறு, மொத்தம் பத்து. டிரெட்டில் டி குறையக் குறைய ஸ்கேலார் 6 + 2 எப்சிலான் ஆகி அந்தப் பத்து மாறாமல் இருக்கும். ஸ்கேலார் எண்ணிக்கையை வெறும் ஆறாக எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அறிகுறி: துருவமே போகவில்லை

ஒரு லூப்பில் இதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது. டிரெக்கோ டிரெட்டோ, ஒரு லூப் துருவம் இரண்டிலும் ஒன்றுதான். சாதாரணப் பிழை, பெரும்பாலும் மயோரானா அரை. குளூயினோ தனக்குத்தானே எதிர்த்துகள் என்பதால் அதன் மூடிய லூப்புக்கு 1/2 வேண்டும். டென்னர், எக், ஹான், க்யூப்ளெக் 1992-இல் கொடுத்த ஃபெர்மியான் ஓட்ட விதிகளைப் பிடித்துக்கொண்டால் குறியும் தானாக விழும்.

சரிபார்க்க ஆறு குவார்க்குள்ள சூசி கியூசிடியின் பீட்டா சார்பின் முதல் கெழுவைப் போட்டுப் பாருங்கள். குளுவானும் பேய்ப்புலமும் (கேஜை நிலைநிறுத்தும்போது சேரும் கற்பனைப் புலம்) சேர்ந்து 11, குளூயினோவுக்கு 2, குவார்க்குகளுக்கு 4, பன்னிரண்டு ஸ்குவார்க்குகளுக்கு 2. 11 − 2 − 4 − 2 = 3. உங்கள் துருவம் 1 என்று சொன்னால் அந்த அரையை மறந்துவிட்டீர்கள். 4 என்று சொன்னால் ஒவ்வொரு குவார்க்குக்கும் இரண்டு ஸ்குவார்க் உண்டு, இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று, நீங்கள் ஒன்றைத்தான் எண்ணியிருக்கிறீர்கள். இதைத் திருத்தி ஓட்டிய பிறகு துருவம் போய் 1/3 மட்டும் மிஞ்சினால், முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.